ஜூன் வேலை தையில் தொடங்குகிறது

எங்க அப்பாவுக்குக் கடைசிவரை மணி பார்க்கத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. இலங்கைத் தோட்டத்தில் இருந்தவரைக்கும் விடியலில் பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்களாம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து, ஓவேலியில் ஒரு எஸ்டேட்டில் சேர்ந்தபோது தப்புக்குப் பதில் சங்கு. சங்கு ஊதினால் எழுந்திரிப்பார், சங்கு ஊதினால் சாப்பிடுவார், சங்கு ஊதினால் வீடு திரும்புவார். எந்த மலையில் வேலை, என்ன வேலை, எத்தனை கிலோ இலை என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தார்கள். அவர் நேரம் அவருடையதாக ஒரு நாளும் இருந்ததில்லை.

நான் சங்குக்கு எழுந்திரிக்க மாட்டேன் என்று சொந்த மண்ணுக்கு வந்தவன். ஒன்றரை ஏக்கர். அதில் முக்கால் ஏக்கர் தேயிலை. மிச்சத்தில் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிய மிளகு, ஓரங்களில் இஞ்சி, வாழை, நாலு பலா. ரசாயனத்தை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. இதில் முதல் நாலைந்து வருடம் நான் இயற்கை விவசாயம் செய்தேன் என்று சொல்வதைவிட, இயற்கை விவசாயத்தின் பின்னால் ஓடினேன் என்று சொல்வதுதான் சரி. காலையில் எழுந்து தோட்டத்துக்குள் போவேன். கண்ணில் முதலில் படுகிற வேலையைச் செய்வேன். சாயங்காலம் உடம்பெல்லாம் வலிக்கும். ஆனால் எந்த வேலையும் முடிந்திருக்காது. "முதலாளி இல்லாத இடத்துல வேல செய்யத் தெரியாதவன்டா நீ" என்று அப்பா சிரிப்பார். அது கிண்டல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஐந்தாவது வருடம் 120 மிளகுக் கொடிகளில் 46 கொடி போயிற்று. ஆடி மழைக்குள் இலை கறுத்து, கணுக்கணுவாகக் கழன்று விழுந்தது. வேரழுகல் வாடல் நோய். மிளகு வைத்திருப்பவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். நட்ட கொடி காய்க்கவே மூன்று வருடம், நிறைய காய்க்க ஏழு வருடம். ஒரு மழைக்காலத்தில் ஏழு வருடம் போய்விட்டது.

எனக்கு அந்த நோய்க்கான வழி தெரியாமல் இல்லை. மூன்று பயிற்சி முகாம்களில் எழுதி வைத்திருந்தேன். 100 கிலோ மக்கிய தொழுவுரத்தில் ஒன்றிரண்டு கிலோ டிரைக்கோடெர்மா கலந்து, ஈரம் காயாமல் நிழலில் 15 நாள் வைத்திருந்து, வேப்பம்புண்ணாக்குடன் மழைக்கு முன் கொடியின் தூரில் போட வேண்டும். தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் எடுக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த வருடம் மே 20ஆம் தேதி டிரைக்கோடெர்மா பாக்கெட் வாங்கி வந்து பார்க்கிறேன், கலப்பதற்கு மக்கிய எரு இல்லை. பச்சைச் சாணிதான் கிடக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் இறங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. எங்கள் மலை அதன் வாசல். இரண்டே வாரத்தில் எருவை எங்கே மக்க வைப்பது?

அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். மே நடுவில் தூரில் போட வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியில் கலந்திருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் எரு மக்கியிருக்க வேண்டும் என்றால், எங்கள் குளிருக்கு மூன்று மாதம், ஜனவரி கடைசியில் குவியல் போட்டிருக்க வேண்டும். அதாவது தை மாதத்தில். தையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? காப்பி பறித்துக்கொண்டிருந்தேன், மிளகு பறித்துக் களத்தில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் காசு வருகிற மாதம் அது. அப்போது சாணிக் குவியலை யார் நினைப்பார்கள்?

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதைத்தான். ரசாயன விவசாயி மறந்தால் கடைக்குப் போகலாம். பூச்சி வந்த அன்றைக்கே மருந்து வாங்கி அன்றைக்கே அடிக்கலாம். அவன் மறதிக்குக் கடைக்காரன் ஒரு விலை வைத்து விற்கிறான். நமக்குக் கடை கிடையாது. ஜீவாமிர்தத்துக்கு 48 மணி நேரம் வேண்டும். பஞ்சகவ்யாவுக்கு மூன்று வாரம், மீன் அமிலத்துக்கும் அப்படித்தான். மண்புழு உரத்துக்கு ஒன்றரை இரண்டு மாதம். சான்று வாங்குகிற நிலத்துக்கு, எங்களைப் போல் பல்லாண்டுப் பயிர் என்றால், மூன்று வருட மாற்றுக்காலம். நம் இடுபொருள்களில் பாதி நேரம்தான். அந்த நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நம் கூட்டங்களில் யாரும் சொல்லித் தருவதில்லை. கரைசலின் செய்முறை சொல்கிறோம், அதை எந்த நாளில் ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்வதில்லை.

இதைப் பேசினால் நம்மவர்களே சிலர் முகம் சுளிப்பார்கள். "இயற்கைக்கு அட்டவணை போடலாமா? அது பாட்டுக்கு நடக்கும். நாம் சும்மா இருந்தால் போதும்" என்பார்கள். ஜப்பானின் ஃபுகோகாவைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அவர் எழுதியதைப் படித்தவர்களுக்குத் தெரியும். நெல் அறுக்கும் முன்பே, நிற்கிற நெல்லுக்கு நடுவில் கிளோவர் விதையையும் அடுத்த தானியத்தின் விதையையும் தூவியவர் அவர். ஒரு வாரம் பிசகினால் அந்த முறையே நிற்காது. உழவில்லை, உரமில்லை என்று அவர் விட முடிந்ததே நாளைச் சரியாகப் பிடித்ததால்தான். சும்மா இருப்பதற்கும் ஒரு முன்னேற்பாடு வேண்டியிருக்கிறது.

சரி, அந்த வருடத்துக்குப் பிறகு நான் திருந்திவிட்டேனா என்றால், உடனே இல்லை. முதலில் ஒரு பெரிய டைரி. அதைக் கொடுத்ததே ஒரு பூச்சிமருந்துக் கடைக்காரர், புது வருட அன்பளிப்பாக. ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் ஒரு மருந்தின் பெயர். ஜனவரி 1 முதல் 19 வரை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன், பிறகு பால் கணக்கு. அடுத்து போன். எங்கள் பக்கம் பல இடத்தில் சிக்னலே இல்லை. ஆனாலும் நினைவூட்டும் மணி மட்டும் தவறாமல் அடிக்கும். "இன்று கரைசல் தெளிக்கவும்" என்று அது அடிக்கும்போது வெளியே மழை கொட்டும். மூன்று நாள் தள்ளி வைத்தேன், நாலாம் நாள் அணைத்தே வைத்தேன். பிறகு தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அது துவைக்கிற கல்லில் கரைந்தது.

பண்ணைக் குறிப்பேடு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கு ஆள் வருகிற முதல் நாள் ராத்திரி, மூன்று விதமான பேனாவை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்களில் சிலர் இப்போது சிரிப்பீர்கள் என்று தெரியும். யாருக்கோ காட்ட எழுதுகிற குறிப்பு சங்கு மாதிரிதான். பயத்தில் எழுதுவோம், நமக்கு ஒன்றும் மிஞ்சாது.

எல்லாம் தோற்றதற்கு ஒரு காரணம் பிறகுதான் புரிந்தது. டைரியோ போனோ, நாளையும் மணியையும் வைத்துக் கேட்கின்றன. செவ்வாய்க்கிழமை 10 மணிக்கு என்ன வேலை? ஓவேலியில் செவ்வாய் 10 மணிக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? மழை வரலாம், மரம் விழுந்து ரோடு அடைபடலாம், யானை காப்பிக்குள் நிற்கலாம். 2019 ஆகஸ்டில், இதே நீலகிரியில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அப்படி ஒரு மாவட்டத்தில் நாளுக்கு நாள் திட்டம் போடுகிறவன் தினமும் தோற்றுக்கொண்டே இருப்பான். மாதமும் சரிப்படவில்லை, அது ரொம்ப நீளம். சமவெளிப் பழமொழியும் இங்கே உதவாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று கீழே சொல்வார்கள். எங்கள் ஆடியில் விதைத்தால் விதை ஆற்றோடு போகும்.

வழி காட்டியது பக்கத்துத் தோட்டத்து சேட்டன். கூடலூர்ப் பக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், இங்கே தமிழும் மலையாளமும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். செத்த கொடிகளுக்குப் பதில் புதுக்கொடி எப்போது நடலாம் என்று கேட்டேன். தேதி சொல்லாமல், "திருவாதிர ஞாட்டுவேலைல வை" என்றார். அவர்கள் சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் நிற்கிற காலத்தை ஞாட்டுவேலை என்கிறார்கள். 27 நட்சத்திரம், வருடத்தை 27ஆல் வகுத்தால் ஒன்றுக்குப் பதின்மூன்றரை நாள். சித்திரை பிறக்கும்போது அசுவதியில் தொடங்கும். திருவாதிரை ஏறக்குறைய ஜூன் 21, 22இல் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை போகும். விட்டுவிட்டு மழையும் இடையில் வெயிலும் கிடைக்கிற நாட்கள், மிளகு நடத் தோதான காலம். போர்ச்சுக்கீசியர்கள் மிளகுக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் என்று கோழிக்கோட்டு சாமூதிரியிடம் முறையிட்டபோது, கொடியைக் கொண்டுபோகட்டும், நம் திருவாதிரை ஞாட்டுவேலையைக் கொண்டுபோக முடியுமா என்று அவர் கேட்டதாக ஒரு கதை கேரளத்தில் உண்டு. நடந்ததோ இல்லையோ, சொன்னவன் ஒரு விவசாயியாகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அதில் பிடித்தது நட்சத்திரம் அல்ல. சோதிடத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. நிலவு பார்த்து விதைக்கிற உயிராற்றல் வேளாண்மை நண்பர்களோடும் நான் சண்டைக்குப் போவதில்லை, ஆனால் ஜூலையில் மழை விடுகிற நாலு மணி நேரத்தை நிலவுக்காக விட்டுவிட என்னால் முடியாது. எனக்குப் பிடித்தது அந்தப் பதின்மூன்றரை நாள். எங்கள் தேயிலையில் ஒருமுறை இலை பறித்த செடிக்குத் திரும்ப வருவதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாள். ஒரு சுற்று. ஜீவாமிர்தம் கொடுப்பதும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. களை எடுத்த இடத்தைத் திரும்பப் பார்ப்பதும் அப்படித்தான். என் தோட்டம் முதலிலிருந்தே சுற்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது, நான்தான் அதைக் கிழமையில் அடைக்கப் பார்த்தேன்.

அதனால் ஒரு 60 பக்க நோட்டு. சித்திரை 1இல் தொடக்கம். விரித்தால் தெரிகிற இரண்டு பக்கம் ஒரு சுற்றுக்கு. இடது பக்கம் தள்ளிப்போட முடியாத வேலைகள், மூன்று வரிக்கு மேல் கிடையாது. வலது பக்கம் நடந்தது. மழை, பறித்த கிலோ, வந்த நோய், ஒரு வரி போதும். இடது பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு வெயில் வேலை, மழை வேலை என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன். காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு அதில் ஒன்றை எடுத்துக்கொள்வேன். மழை வேலை என்றால் விதை பொறுக்குவது, கத்தி தீட்டுவது, மிளகு சலிப்பது, கணக்கு எழுதுவது. முன்பெல்லாம் மழை வந்தால் அன்றைய திட்டம் கெட்டது என்று சலித்துக்கொண்டு படுப்பேன். இப்போது மழைக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது.

முதல் தடவை நோட்டை நிரப்பும்போது நான் வேலையை எழுதவில்லை. என்னைக் கேட்காமல் வருகிறவற்றை மட்டும் எழுதினேன். பருவமழை இறங்குவது. காப்பி பூக்கிற மழை, பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள். காப்பிப் பழம், மிளகு பழுப்பது. இஞ்சி நடுகிற கோடைமழை. பலா பழுப்பது. பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் பின்னோக்கி எண்ணினேன். மழைக்குப் பின்னோக்கி எண்ணியபோதுதான் தைப் பக்கத்தில் 'எருக் குவியல்' வந்து உட்கார்ந்தது, காப்பிப் பறிப்புக்கு நடுவில். இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் வேலை. அந்த ஒன்றரை நாளை அந்த மாதத்தில் பிடுங்கி எடுக்க வேண்டும், அதற்குத்தான் நோட்டு. மற்றதெல்லாம் கண்ணில் பட்டால் செய்து கொள்ளலாம்.

பலாவை ஏன் எழுதினேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பலா பழுத்தால் யானை வரும். வீட்டுப் பக்கத்து மரத்தில் காயாகவே இறக்கிவிட வேண்டும், பழ வாசனை வந்த பிறகு ஏணி தேடக் கூடாது. ஓவேலியில் விடியும் முன் வேலைக்குப் போய் உயிரோடு திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். வால்பாறையில் யானை நடமாட்டத்தைச் சிவப்பு விளக்கு எரியவிட்டும் போனில் செய்தி அனுப்பியும் தெரியப்படுத்துகிற ஏற்பாடு பல வருடமாக நடக்கிறது. இங்கே நாங்கள் பெரும்பாலும் ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்கிறோம். அதனால் புத்தகத்தில் "அதிகாலையில் அல்லது மாலையில் தெளிக்கவும்" என்று இருந்தால் அது எங்களுக்குப் பொருந்தாது. காலை ஏழரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் தோட்டத்தில் வேலை இல்லை என்று நோட்டின் அட்டையிலேயே எழுதியிருக்கிறேன். நாள் அவ்வளவு சிறியது. அதை மறந்து திட்டம் போடுவது ஆபத்து.

நோட்டைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்வியை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

"ஏங்க, கரைசல் ரெண்டு வேளை கலக்கணும்னு எழுதிருக்கீங்களே, யாரு கலக்குறா?"

"நாமதான்."

"நாமன்னா? நான் எஸ்டேட்டுக்குப் போயிட்டு நாலு மணிக்கு வர்றேன். வந்து மாட்டைப் பாத்து, சோறாக்கி, அப்புறம் தொட்டிய கலக்குறேன். காலைலயும் நான்தான். இதுல என் பேரு எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. நான் என் நேரத்துக்குத் திட்டம் போட்டிருந்தேன். அதில் பாதி அவள் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஒரு சுற்று அவளும் எழுதினாள், பச்சை மையில். 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்கு 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ என்று நாம் அடுக்குகிறோமே, அந்தச் சாணியைச் சுமப்பது, கோமியம் பிடிப்பது, மாவு அரைப்பது, கலக்குவது, வடிகட்டுவது, குடத்தில் மேட்டுக்கு ஏற்றுவது எல்லாம் சேர்ந்து ஒரு சுற்றுக்குப் பதினோரு மணி நேரம். அதில் எட்டு மணி நேரம் பச்சை மை.

சுபாஷ் பாலேக்கர் ஜீவாமிர்தத்தைப் பரப்பினார், கொடுமுடி டாக்டர் நடராஜன் பஞ்சகவ்யாவைப் பரப்பினார். நம் மண் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் செலவே இல்லை என்று நாம் மேடையில் சொல்லும்போது ரூபாயை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். அந்தப் பதினோரு மணி நேரத்துக்கு எஸ்டேட் கூலி போட்டுப் பாருங்கள். புதிதாக வருகிற இளைஞர்கள் இரண்டாம் வருடம் விட்டுவிட்டுப் போவதற்கு விளைச்சல் குறைவதைத்தான் எல்லோரும் காரணம் சொல்கிறோம். வீட்டில் ஒரு ஆள் ஓய்ந்து போவதும் காரணம் என்று நான் நினைக்கிறேன். நம் பயிற்சிகளில் ஒவ்வொரு கரைசலுக்கும் பக்கத்தில் எத்தனை மணி நேரம், யார் கையால் என்று ஒரு கட்டம் போட வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தக் கணக்குக்குப் பிறகு சிலதை விட்டோம். மார்கழியிலிருந்து மாசி வரை பஞ்சகவ்யா இல்லை. மூன்று வாரம் தினமும் கலக்குகிற வேலையை அறுவடை மாதத்தில் வைக்க முடியாது. அந்த மாதங்களில் மூடாக்கு மட்டும். ஜூலையில் ஜீவாமிர்தமும் இல்லை, தெளித்தாலும் மழை கழுவிவிடும். காலைக் கலக்கல் என்னுடையது. தேயிலை அதனால் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. மிளகில் அந்த முதல் வருடம் ஆறு கொடி போனது, அடுத்த வருடம் இரண்டு. எல்லாம் நோட்டினால்தான் என்று சொல்ல மாட்டேன், வாய்க்காலும் ஆழமாக எடுத்தோம். ஆனால் வாய்க்கால் எடுத்ததும் சித்திரைப் பக்கத்தில் எழுதி இருந்ததால்தான்.

முறை அவரவர் தோட்டத்துக்கு மாறும். நெல் வைத்திருப்பவருக்கும் காய்கறிக்காரருக்கும் பதின்மூன்று நாள் சுற்று சரிப்படாது. கீரை போடுகிறவருக்கு வாரமே நீளம். உங்கள் பயிரில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதன் நீளத்தைப் பிடியுங்கள். நோட்டு விலை குறைந்ததாக இருக்கட்டும், அழகான நோட்டில் எழுதக் கை கூசும். பாதி நாளை வெறுமையாக விடுங்கள். ஜூலைப் பக்கத்தில் நான் ஒரே ஒரு வரிதான் எழுதுகிறேன்: வாய்க்கால் பார்.

இப்போது ஓடுவது மாசிச் சுற்று. இடது பக்கத்தில் மூன்று வரி. எருக் குவியலைப் புரட்டு, மிளகுக் கடைசிப் பறிப்பு, இஞ்சி விதை யாரிடம் என்று கேள். அதற்குக் கீழே பச்சை மையில் நாலாவது வரி ஒன்று இருக்கிறது, என் விதிப்படி இருக்கக் கூடாதது. "வெள்ளிக்கிழமை எங்க அம்மா வீட்டுக்குப் போறேன், ரெண்டு நாள், மாட்டுக்கு நீங்க." நான் அடிக்கவில்லை.